சாட் செயலியில் படம் உருவாக்கும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பெரம்பூரில் பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் ஓவிய நோட்டை மூடி வைத்துவிட்டு, டிஸ்கார்ட் என்ற சாட் செயலியில், மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு படங்கள் உருவாக்குவதிலேயே மாலைப் பொழுதைக் கழிக்கிறாள் என்றும், இது அவளது படிப்புக்கு உதவுமா, கைத்திறனைக் கெடுத்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் அவள் தொடங்கியிருக்கும் முறையை மாற்றியாக வேண்டும்.

முதலில் ஒரு மாலை அருகில் உட்கார்ந்து பாருங்கள். சாய்கோடு போட்டு ‘இமாஜின்’ என்று தட்டி, தனக்கு வேண்டிய காட்சியைச் சொற்களில் எழுதுகிறாள். சற்று நேரத்தில் நான்கு படங்கள் வருகின்றன. பிடித்த ஒன்றைத் தொட்டு அதன் மாற்று வடிவங்களைக் கேட்கிறாள். 2022 ஜூலையில் மிட்ஜர்னி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது டிஸ்கார்ட் வழியாகத்தான் அதைப் பயன்படுத்த முடிந்தது. இப்போது அதற்குத் தனி இணையதளம் இருக்கிறது. சாட்ஜிபிடியிடம் உரையாடியே படம் பெறவும் முடிகிறது. பள்ளி மாணவி பழகுவதற்குச் சந்தா கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

இத்தகைய கருவிகள், ஏராளமான படங்களையும் அவற்றுடன் இருந்த விளக்கங்களையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. இணையத்தில் நிறைய இருப்பது நன்றாக வரும்; குறைவாக இருப்பதைக் கருவி தனக்குப் பழக்கமான வேறொன்றால் நிரப்பிவிடும். சென்னைப் பிள்ளைகள் கற்க வேண்டிய பாடம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மார்கழிக் காலையில் மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பெண் சிக்குக் கோலம் போடும் காட்சியைக் கேட்கச் சொல்லுங்கள். முதல் பார்வைக்கு அழகான படம்தான் வரும். நிதானமாகப் பார்த்தால், புள்ளிகள் வரிசை தப்பியிருக்கலாம். புள்ளியைச் சுற்றி வந்து மூட வேண்டிய கோடு பாதியில் அறுந்திருக்கலாம். பின்னால் தெரியும் கோபுரம் வடநாட்டுக் கோயிலின் சிகரத்தைப் போல வளைந்திருக்கலாம். கடைப் பலகையில் தமிழ்போலத் தோன்றும், ஆனால் படிக்க முடியாத எழுத்துகள் இருக்கலாம். வாசலில் தினமும் கோலம் போட்ட உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அந்தப் படத்தைக் காட்டினால், பிழையை ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அந்தக் கண் உங்கள் மகளுக்கும் வர வேண்டும்; அது கையால் வரைந்து பார்த்தவர்களுக்கே விரைவில் வருகிறது.

ஆகவே மூடிய நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள். எந்தப் படத்தையும் கேட்பதற்கு முன்னால், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பார்ப்பவர் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா, அருகில் எது, தொலைவில் எது என்பதைப் பென்சிலால் ஒரு சிறு கட்டத்துக்குள் வரைந்துகொள்ளட்டும். பிறகு கேட்டது என்ன, வந்தது என்ன, அதில் தவறு எது, எந்தச் சொல்லை மாற்றியதும் என்ன மாறியது என்று அதே பக்கத்தில் எழுதட்டும். தமிழ் எழுத்துகளைக் கருவியிடம் கேட்காமல், அவற்றுக்கு இடம் விடச் சொல்லி, பின்னர் வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு எழுத்துருவால் சேர்ப்பதே நல்லது. சுவரொட்டியோ அழைப்பிதழோ செய்யும் இடங்களில் இந்தப் பழக்கம் உடனே கைகொடுக்கும்.

கைத்திறன் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். என்ற வடிவமைப்பு இளநிலைப் படிப்புக்கான யூசீட் நுழைவுத் தேர்வு மூன்று மணி நேரம் நடக்கிறது. அதில் ஒரு மணி நேரம் காகிதத்தில் கையால் வரைந்தே விடை எழுத வேண்டும். 1850-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர விரும்பினாலும் வரையத் தெரிந்திருக்க வேண்டும். அங்கெல்லாம் செல்பேசி துணைக்கு வராது.

கல்லூரிச் சேர்க்கை நேர்காணலுக்குக் கொண்டுபோகும் படத் தொகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவர் பன்னிரண்டு படங்களை என்னிடம் கொண்டுவந்தார். விளக்கு இடப்பக்கம் இருக்கும்போது நிழலும் ஏன் இடப்பக்கமே விழுகிறது என்று கேட்டேன். அவரால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனெனில் அந்தப் படத்தில் அவர் முடிவு செய்தது எதுவுமே இல்லை. திறமையுள்ள பிள்ளை அவர். அதனால்தான் எனக்கு வருத்தமாக இருந்தது. கருவியால் உருவானதைக் கருவியால் உருவானது என்றே குறிப்பிட்டு, பென்சில் வரைவையும் இடைப்பட்ட முயற்சிகளையும் பக்கத்தில் வைத்தால், தேர்வாளர் மாணவியின் சிந்தனையைப் பார்க்க முடியும்.

பாதுகாப்பில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். டிஸ்கார்டுக்குக் குறைந்தபட்ச வயது 13. சாட்ஜிபிடியை 18 வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் அனுமதியுடனேயே பயன்படுத்த வேண்டும். மிட்ஜர்னியில் உருவாகும் படங்கள் இயல்பாகவே மற்றவர்களின் கண்ணுக்கும் தெரியும். எனவே தன்னுடைய, தோழிகளுடைய, ஆசிரியர்களுடைய புகைப்படங்களை எந்தக் கருவியிலும் ஏற்றக் கூடாது; விளையாட்டுக்குக்கூடக் கூடாது.

வாரத்துக்கு மூன்று மாலைகள் இதற்குப் போதும். நோட்டில் இருபது பக்கங்கள் நிரம்பியதும் மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். விஸ்காம் எனும் காட்சித் தொடர்பியலா, பி.டெஸ்ஸா, பி.எஃப்.ஏ. எனும் கவின் கலைப் படிப்பா என்பதை அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே மூவரும் பேசுவோம்.