ஒட்டுக்கன்று எல்லாமே குட்டை மரமா?

கேள்வி: வீட்டின் பின்புறத்தில் 12 அடிக்கு 10 அடி இடம் இருக்கிறது. 'ஒட்டுக்கன்று என்பதால் குட்டையாகவே நிற்கும்' என்று சொல்லி, நாற்றுப்பண்ணையில் பங்கனப்பள்ளி மாங்கன்று ஒன்றைத் தருகிறார்கள். நம்பி வாங்கலாமா? கூடவே இன்னொரு பழமரம் வைக்க முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: அந்தக் கன்றை வாங்க வேண்டாம். ஒட்டுக்கட்டுவதால் தாய்மரத்தின் குணம் மாறாமல் கிடைக்கும், காய்ப்பும் சீக்கிரம் தொடங்கும். ஆனால் உயரம் பெரும்பாலும் ரகத்தைப் பொறுத்தது என்பதால், பங்கனப்பள்ளியை ஒட்டுக்கட்டினாலும் அது பெரிய மரமாகத்தான் படரும். ஆப்பிளில் மரத்தைக் குட்டையாக்கும் வேர்ச்செடிகள் (ஒட்டுக்குக் கீழே வேரும் அடித்தண்டுமாக இருக்கும் செடி) உண்டு. நம் பண்ணைகளிலோ மாவுக்குப் பெரும்பாலும் கிடைத்த கொட்டையை முளைக்க வைத்துத்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள்.

உங்கள் இடத்துக்கு ஏற்றது ஆம்ரபாலி. தசேரியையும் நீலத்தையும் கலந்து டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இந்த ரகம் இயல்பிலேயே குட்டையானது, தோப்புகளில் 2.5 மீட்டர் இடைவெளியில்கூட நடுகிறார்கள். தசேரி ஓராண்டு விட்டு ஓராண்டு காய்ப்பது. இதுவோ நீலத்தைப் போல ஆண்டுதோறும் காய்க்கும். பழம் சற்றுச் சிறியதுதான், ஆனால் சதை நல்ல ஆரஞ்சு நிறத்தில் நாரின்றி இருக்கும்.

கன்றை வாங்கும்போது ஒட்டுப்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். இரண்டு தண்டுகளும் வெடிப்பின்றிச் சேர்ந்திருக்க வேண்டும். கட்டிய பாலித்தீன் நாடா தண்டை இறுக்கிக்கொண்டிருந்தால் அதைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு நடுங்கள். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதை உடனுக்குடன் கிள்ளிவிடாவிட்டால், வேர்ச்செடி வளர்ந்து ஒட்டை அமுக்கிவிடும். சில ஆண்டுகள் கழித்துக் காய்ப்பது நீங்கள் வாங்கிய மாம்பழமாக இருக்காது. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் வரும் பூங்கொத்துகளை, மனம் வராவிட்டாலும், கிள்ளி எறியுங்கள்.

குட்டை ரகத்துக்கும் கவாத்து வேண்டும். மா, முற்றிய கிளைகளின் நுனியில் பூப்பது. ஆகவே அறுவடை முடிந்த கையோடு வெட்டினால்தான் புதுத்துளிர் முற்றிப் பூப்பதற்கு அவகாசம் கிடைக்கும். மார்கழியில் வெட்டினால் அந்த ஆண்டின் பூ போய்விடும்.

இரண்டாவது மரமாகக் கொய்யா வையுங்கள், லக்னோ-49 போதும். புதுத்துளிரில்தான் அது பூக்கும் என்பதால், வெட்ட வெட்டக் காய்க்கும்; கைக்கு எட்டும் உயரத்திலேயே நிறுத்திவிடலாம். இரண்டுக்கும் இடையே 7 அடியாவது விடுங்கள். எலுமிச்சையைப் பலர் சொல்வார்கள். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் அதன் முள்ளை நினைத்தால் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை.