புயலில் கூரை பறக்காமல் இருக்க எதை முதலில் கவனிப்பது?

கேள்வி: எங்களுடையது செங்கல் சுவர், தகர ஷீட் போட்ட வீடு. புயல் வரும் பகுதி. கையிருப்பு குறைவு. சுவரைப் பலப்படுத்துவதா, கனமான ஷீட்டாக மாற்றுவதா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் இணைப்புகளைப் பாருங்கள். புயலில் பெரும்பாலும் முதலில் கைவிடுவது ஷீட்டைப் பிடித்திருக்கும் ஆணி. இல்லையென்றால் கூரைச் சட்டமே சுவரை விட்டுக் கிளம்பிவிடும். சரிவு குறைந்த கூரையைக் காற்று அழுத்துவதில்லை, மேலே தூக்குகிறது. காற்றின் வேகம் 2 மடங்கானால் அந்த விசை 4 மடங்காகும்.

ஏணி போட்டு ஏறி, சட்டம் சுவரின் மேல் உட்காரும் இடத்தை உள்ளிருந்து பாருங்கள். பல வீடுகளில் அதைச் சிமெண்ட் கலவையில் பதித்ததோடு விட்டிருப்பார்கள். கூரையின் எடையைத் தாங்க அது போதும். தூக்கும் விசைக்குப் போதாது. ஒவ்வொரு சட்டத்தையும் இரும்புப் பட்டையால் சுவர் மேலுள்ள கான்கிரீட் பீமோடு போல்ட் போட்டுப் பிணையுங்கள். பீம் இல்லாத சுவரில் மேல் வரிசைச் செங்கல்லோடு மட்டும் பட்டையை முடித்துவிடக் கூடாது. கூரை அந்த வரிசையையும் பெயர்த்துக்கொண்டுதான் போகும். பட்டை சுவரில் நன்றாகக் கீழே வரை இறங்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அடுத்தது ஷீட். ஆணியை எடுத்துவிட்டு அகலமான வாஷரோடு ஸ்குரூ அல்லது ஜே போல்ட் (கொக்கிபோல் வளைந்த போல்ட்) போடுங்கள். ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் காற்றின் இழுப்பு அதிகம் என்பதால் அங்கே நெருக்கமாகப் போட வேண்டும். துருப்பிடித்ததை அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

வாசல் பக்கத் தாழ்வாரக் கூரை பிரதானக் கூரையின் நீட்சியாக இருந்தால் அதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். தாழ்வாரம் போனாலும் வீட்டுக் கூரை தப்பும்.

புயலின்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்று சொல்வதை நம்பாதீர்கள். உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளும். கதவு, ஜன்னல்களின் தாழ்ப்பாள் உறுதியாக இருக்கட்டும். இரட்டைக் கதவுக்குக் குறுக்குக் கட்டை நல்லது.

கனமான ஷீட் பணம் மிஞ்சினால் பார்க்கலாம். அப்படி மாற்றுவதாக இருந்தால், பட்டை அடிக்கும் வேலையையும் அப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஷீட்டைக் கழற்றி வைத்திருக்கும்போது சட்டத்தின் இரு பக்கமும் கை எட்டும், கூலியும் ஒருமுறையோடு முடியும்.