யார்க் நகரம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அக்கா, லண்டனிலிருந்து ஒரே நாளில் போய் வர முடியுமா?

முடியும். கிங்ஸ் கிராஸில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம். விடியற்காலை ரயிலைப் பிடியுங்கள். இருட்டுவதற்குள் ஊரைச் சுற்றிய பழைய மதிலின் மேல் உள்ள நடைபாதையைப் பூட்டிவிடுவார்கள்.

மதில் ரோமானியர் கட்டியதுதானே?

பாதிதான் சரி. கி.பி. 71-இல் ரோமானியரின் ஒன்பதாம் படைப்பிரிவு இங்கே கோட்டை போட்டது. ஊர்ப் பெயர் அப்போது எபொராக்கம். ரோமானியச் சக்கரவர்த்தி செப்டிமியஸ் செவரஸ் 211-இல் இங்கேதான் இறந்தார். 306-இல் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டியஸும் இங்கே இறக்க, படைவீரர்கள் அங்கேயே அவர் மகன் கான்ஸ்டன்டைனைச் சக்கரவர்த்தி ஆக்கினார்கள். 866-இல் வைக்கிங்குகள் ஊரைப் பிடித்தார்கள். காலப்போக்கில் ரோமானியச் சுவர் பெரும்பாலும் மண்மேட்டுக்குள் புதைந்துபோயிற்று. இன்று நாம் நடப்பது அந்த மேட்டின் மேல் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பிய சுண்ணாம்புக்கல் மதில். ரோமானியக் கட்டுமானத்தையே பார்க்க வேண்டுமென்றால் மியூசியம் கார்டன்ஸில் இருக்கும் மல்டாங்குலர் டவருக்குப் போங்கள். கீழே சின்னச் சின்னக் கல்லும் நடுவே சிவப்பு ஓட்டு வரிசையும் ரோமானியருடையவை. மேலே பெரிய கல் பிற்காலத்தது.

முழுச் சுற்றும் நடக்கலாமா?

முடியாது. சுமார் 3.4 கி.மீ. மதில் இருக்கிறது, நடுநடுவே அறுந்து. கிழக்கே ஃபாஸ் ஆற்றங்கரையில் அந்தக் காலத்தில் சதுப்பு; அதுவே காவல் என்று விட்டுவிட்டார்கள். உள்பக்கம் பல இடங்களில் கைப்பிடி கிடையாது, மழை பெய்தால் கல் வழுக்கும். ரப்பர் செருப்போடு ஏறாதீர்கள்.

ஷாம்பிள்ஸ் தெருவில்தானே அந்த மந்திரவாதிப் பையன் ஹாரி பாட்டர் படம் எடுத்தார்கள்?

இல்லை. அது கசாப்புக்காரர்கள் தெரு. இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் இன்னும் சில கடை முகப்பில் இருக்கின்றன. அங்கே நினைக்க வேண்டியவர் மார்கரெட் கிளித்தரோ. கசாப்புக்காரர் மனைவி, அன்று தடை செய்யப்பட்டிருந்த கத்தோலிக்கப் பாதிரியார்களை ஒளித்துவைத்ததாகக் குற்றச்சாட்டு. வழக்காட மறுத்ததால் 1586-இல் பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள்.

நான் சிவில் இன்ஜினியர். மதிலை அப்போதே இடித்திருந்தால் ஊர் மூச்சு விட்டிருக்கும். பாரம்பரியம் என்பது சுற்றுலாக்காரர்களுக்கு.

உங்கள் கட்சிக்கு அன்றே ஆள் இருந்தது, சார். 1800-இல் நகர நிர்வாகமே இடிக்க அனுமதி கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதால் முழுதாக நடக்கவில்லை. ஆனாலும் மூன்று வாசல்களின் முன்கோட்டைகள் போயின. வால்ம்கேட் பார் என்ற வாசலில் மட்டும் மிச்சம். ஓவியர் வில்லியம் எட்டி போன்ற உள்ளூர்க்காரர்கள்தான் சண்டை போட்டார்கள், சுற்றுலாக்காரர்கள் இல்லை.

ரயில் வந்தபோது என்ன செய்தார்கள்? உடைத்தார்கள்தானே?

மதிலில் வளைவு போட்டு ரயிலை உள்ளே விட்டார்கள். 1841-இல் நிலையம் மதிலுக்குள்ளேயே. இடம் போதாமல் 1877-இல் வெளியே புதிது கட்டினார்கள். ஊர் வளர மதிலைத் தாண்டினால் போதும், தரைமட்டமாக்க வேண்டியதில்லை.

இன்ஜினியர் சொல்வது சரி. குடியிருப்பவர்களுக்குத்தானே நெரிசல் தெரியும்?

நெரிசலுக்குக் காரணம் கார், ஐயா. மதில் கட்டியபோது கார் இல்லை.

ஷாம்பிள்ஸில் படப்பிடிப்பு...

மேலே பாருங்கள்.

கிளிஃபோர்ட்ஸ் டவரில் போட்டோ எடுக்க நல்ல இடம் எது?

எடுங்கள், நடந்ததைத் தெரிந்துகொண்டு எடுங்கள். 1190 மார்ச்சில் கலகக் கும்பலுக்குப் பயந்து, ஏறக்குறைய 150 யூதர்கள் அங்கிருந்த மரக்கோபுரத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். பலர் தங்கள் குடும்பத்தாரைக் கொன்று தாங்களும் மாண்டார்கள், கோபுரம் எரிந்தது. உயிருக்கு உறுதி தந்ததை நம்பி வெளியே வந்தவர்களையும் கும்பல் வெட்டியது. பிறகு தேவாலயத்தில் வைத்திருந்த, யூதர்களிடம் வாங்கிய கடனுக்கான பத்திரங்களைக் கொளுத்தினார்கள். கடன் வாங்கியிருந்தவர்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். இப்போது நிற்கும் கல்கோபுரம் 13-ஆம் நூற்றாண்டில் கட்டியது.

மின்ஸ்டர் பேராலயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கிழக்குப் பெருஞ்சாளரம். ஜான் தார்ன்டன் 1405 முதல் 1408 வரை செய்த வண்ணக்கண்ணாடி; உலகப் படைப்பும் உலக முடிவும் அதில் இருக்கின்றன. பைனாகுலர் கொண்டுபோங்கள், வெறும் கண்ணுக்கு மேல்வரிசை எட்டாது.

குழந்தைகள் இருக்கிறார்கள்.

ரயில் அருங்காட்சியகம். 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடிய மல்லார்ட் நீராவி இன்ஜின் அங்கே இருக்கிறது. நேரமிருந்தால் ஜோர்விக் என்ற வைக்கிங் காட்சியகம். மதிலில் ஏறினால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லை என்று சொன்னேனே.

ஷாம்பிள்ஸ்?

கசாப்பு.

இன்ஜினியர்தான். வாதம் இருக்கட்டும், காரை எங்கே நிறுத்துவது?

மதிலுக்கு வெளியே, சார். ஊருக்கு வெளியே இருக்கும் பார்க் அண்ட் ரைட் நிறுத்தத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.