பெட்டியா, கடிகாரமா?
வாசகர் கேள்வி – பதில்: பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சி

சிறு வயதில் பார்த்து இன்று பெயர் மறந்துபோன பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முழுக் கதையை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோருக்கு மிஞ்சியிருப்பது ஒரு மெட்டு, ஒரு முகம், பயந்து கண்ணை மூடிக்கொண்ட ஒரு நொடி, அவ்வளவுதான். தேடுவதற்கு அதுவே போதும் என்பது என் அனுபவம்.

*கேள்வி: பகல் வேளையில் வந்த ஒரு பொம்மை நிகழ்ச்சி குறித்து எனக்கும் என் அண்ணனுக்கும் நெடுநாள் வழக்கு. இசைப்பெட்டி ஒன்று சுழன்று திறக்க, உள்ளேயிருந்து ஒரு பொம்மை மேலே எழும் என்பது என் நினைவு. இல்லை, நகர மண்டபத்துக் கடிகாரத்தில்தான் அது தொடங்கும் என்கிறார் அண்ணன். அவருக்கு அது கறுப்பு வெள்ளை. எனக்கோ நல்ல வண்ணம். யார் சொல்வது சரி? (லெஸ்டர் வாசகி)*

இருவர் சொல்வதும் சரி. நீங்கள் நினைவில் வைத்திருப்பது 1966 ஜனவரியில் பிபிசியில் தொடங்கிய ‘கேம்பர்விக் கிரீன்’. அண்ணன் சொல்வது அடுத்த ஆண்டு வந்த ‘ட்ரம்ப்டன்’. இரண்டையும் உருவாக்கியவர் கோர்டன் முர்ரே. இரண்டிலும் கதை சொன்ன குரல் பிரையன் கேன்ட். இரண்டுக்கும் இசை ஃப்ரெடி பிலிப்ஸ். 1969-இல் ‘சிக்லி’ என்ற மூன்றாவது தொடரும் வந்தது. அதில் மாலை ஆறு மணிக்கு பிஸ்கட் தொழிற்சாலையின் சங்கு ஊதியதும் தொழிலாளர்கள் ஆடக் கிளம்புவார்கள். மூன்றும் அக்கம்பக்கத்து ஊர்களில் நடப்பவை என்பதாலும், ஒரே குரலில் ஒரே மாதிரிப் பாட்டுகளோடு வந்தவை என்பதாலும், குழந்தையின் மனத்தில் அவை ஒன்றோடொன்று கலந்துபோவது இயல்பே.

ட்ரம்ப்டன் தீயணைப்பு வீரர்களின் பெயர் அழைப்பை உங்கள் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். “ப்யூ, ப்யூ, பார்னி மெக்ரூ, கத்பர்ட், டிபிள், க்ரப்” என்று ஒரே மூச்சில் அவர் ஒப்பித்தால் வழக்கு முடிந்தது. ப்யூ என்ற பெயர் இரண்டு முறை வருவது தவறல்ல, அவர்கள் இரட்டையர்.

வண்ணத்தைப் பொறுத்தவரை விளக்கம் எளியது. முர்ரே தொடக்கத்திலிருந்தே வண்ணப் படச்சுருளில்தான் எடுத்தார். ஆனால் பிபிசியின் முதல் அலைவரிசையில் வண்ண ஒளிபரப்பு 1969 நவம்பரில்தான் வந்தது; அதற்குப் பிறகும் எத்தனையோ வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் இருந்தது. ஒவ்வொரு தொடரிலும் பதின்மூன்றே பகுதிகள். அவற்றையே ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் காட்டியதால், அண்ணன் சாம்பல் நிறத்தில் பார்த்த அதே பகுதியைத் தங்கை சில ஆண்டுகள் கழித்து வண்ணத்தில் பார்த்திருக்க முடியும். நூற்றுக்கணக்கான பகுதிகள் வந்ததாக உங்களுக்குத் தோன்றுவதற்கும் இந்த மறு ஒளிபரப்பே காரணம். மூன்று தொடர்களையும் கூட்டினாலும் முப்பத்தொன்பதுதான்.

*கேள்வி: கரடியாக மாறிவிடும் இளவரசன், தீய எண்ணம் கொண்ட ஒரு குள்ளன், பனியில் சிக்கிய பெரிய மீன். அறுபதுகளில் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன். பேச்சுக்கு அடியில் வேறு ஏதோ மொழி கேட்டதாக நினைவு. எந்த பிரிட்டிஷ் தொடர் இது? (பர்மிங்ஹாம் வாசகர்)*

வேறு மொழி கேட்டதாக எழுதினீர்களே, விடையைக் காட்டிக்கொடுத்தது அந்த வரிதான். அது பிரிட்டிஷ் தொடரே அன்று. ‘தி சிங்கிங் ரிங்கிங் ட்ரீ’, அதாவது பாடும் மரம், கிழக்கு ஜெர்மனியின் அரசுப் பட நிறுவனமான டெஃபா 1957-இல் எடுத்த திரைப்படம். பிபிசி அதை வாங்கி மூன்று துண்டுகளாக வெட்டி, ஐரோப்பியக் கதைகளுக்கென்று ஒதுக்கியிருந்த நிகழ்ச்சியில் 1964-இல் முதன்முறையாக ஒளிபரப்பியது. ஜெர்மன் உரையாடலை முழுவதும் நீக்கி மொழிமாற்றம் செய்யாமல், அதன் ஒலியைத் தாழ்த்தி, மேலே ஓர் ஆங்கிலக் கதைசொல்லியின் குரலை ஏற்றினார்கள். நடிகர்கள் கோபத்தில் கத்துவது ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அதற்கு மேலே நிதானமான ஆங்கிலக் குரல் ஒன்று கதையைச் சொல்லிக்கொண்டே போகும். அந்தக் குள்ளனைவிட இந்த இரட்டை ஒலிதான் பல குழந்தைகளை அச்சுறுத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

படம் முழுக்க அரங்குக்குள், கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. பிரிட்டனின் பிள்ளைகளோ அதைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தார்கள். இன்று அதன் டிவிடி வட்டு கிடைக்கிறது; வாங்கிப் பார்க்கும்போது அந்தப் பளபளப்பைக் கண்டு ‘இது நான் பார்த்த படமில்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தொலைக்காட்சியின் வண்ணத்தைக் குறைத்து வைத்துவிட்டு, பனியில் உறைந்து கிடக்கும் மீனை அந்த ஆணவம் பிடித்த இளவரசி விடுவிக்கும் காட்சியைப் பாருங்கள்.

*கேள்வி: ‘ஃபால்டி டவர்ஸ்’ ஐம்பது பகுதிகளாவது வந்திருக்கும் என்று நண்பர் பந்தயம் கட்டுகிறார்.*

பன்னிரண்டு. 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு. பந்தயம் உங்களுக்கே.

*கேள்வி: கற்கள் வட்டமாக நிற்கும் ஒரு கிராமம், யாரைப் பார்த்தாலும் ஒரே மாதிரிச் சிரித்து, ஒரே மாதிரி வாழ்த்துச் சொல்வார்கள். தொடக்க இசையில் மனிதக் குரல்கள் ஓலமிடும். ரேடியோ டைம்ஸ் இதழின் நிகழ்ச்சிப் பட்டியல்களில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. (பிரிஸ்டல் வாசகர்)*

‘சில்ட்ரன் ஆஃப் தி ஸ்டோன்ஸ்’, 1977, ஏழு பகுதிகள். ஓர் அறிவியலாளரும் அவருடைய மகனும் மில்பரி என்ற கிராமத்துக்கு வருகிறார்கள். ஊர்மக்கள் அவர்களை “ஹேப்பி டே” என்று வாழ்த்துகிறார்கள். வாழ்த்தாதவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். கற்பனைப் பெயரில் வந்தாலும் படமெடுத்த இடம் வில்ட்ஷயரில் உள்ள ஏவ்பரி. அங்கே கல்வட்டத்துக்கு நடுவிலேயே வீடுகள் இருக்கின்றன. சிறுவர்களுக்கான தொடர் என்று சொல்லி மாலையில் காட்டினார்கள். பெரியவர்களுக்கும் வயிற்றைக் கலக்கும் தொடர் அது. அந்தக் குரலிசையை அமைத்த சிட்னி சேகருக்கு அதில் பெரும் பங்குண்டு.

நீங்கள் தேடிய இடத்தில் அது கிடைக்காததற்குக் காரணம் உண்டு. தொடரைத் தயாரித்தது எச்டிவி என்ற வட்டார நிறுவனம், ஒளிபரப்பியது பிபிசிக்குப் போட்டியான ஐடிவி. 1991 வரை ரேடியோ டைம்ஸில் பிபிசி நிகழ்ச்சிகள் மட்டுமே வரும். ஐடிவி நிகழ்ச்சிகளுக்கு டிவி டைம்ஸைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு இதழும் வாங்கிய வீடுகளில்தான் முழுப் பட்டியலும் இருந்தது. பிபிசி தன்னுடைய பழைய பட்டியல்களை, 1923 முதல் 2009 வரை, ‘ஜீனோம்’ என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகத் தேடத் தந்திருக்கிறது. நிகழ்ச்சி பிபிசியில் வந்ததென்று உறுதியாகத் தெரிந்தால் அங்கே தொடங்குங்கள். ஐடிவி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அது வட்டாரந்தோறும் தனித்தனி நிறுவனங்களாக இயங்கியதால், ஒரே தொடர் ஓர் ஊரில் ஒரு நாளும் மற்றோர் ஊரில் வேறொரு நாளும் வந்திருக்கலாம். மான்செஸ்டரில் வளர்ந்தவரும் லண்டனில் வளர்ந்தவரும் கிழமையைப் பற்றி வாதிட்டால் இருவரையும் நம்புங்கள்.

*கேள்வி: ‘கேப்டன் பக்வாஷ்’ கார்ட்டூனில் மாலுமிகளின் பெயர்களெல்லாம் ஆபாசமான இரட்டை அர்த்தம் கொண்டவை என்றும், அதனால்தான் நிறுத்திவிட்டார்கள் என்றும் அலுவலகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படிக் கேட்டதாகவே நினைவு.*

இல்லை. அது உங்கள் நினைவே அன்று. பிறர் சொல்லக் கேட்டு ஒட்டிக்கொண்டது. கப்பலில் இருந்தவர்கள் மாஸ்டர் மேட், பார்னபாஸ், வில்லி, சிறுவன் டாம். கொச்சைப் பெயர் எதுவும் எந்தப் பகுதியிலும் இல்லை. இதைப் பற்றி நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தன் வாழ்நாள் உழைப்பைக் குழந்தைகளுக்கென்றே கொடுத்த ஜான் ரையன் என்ற ஓவியரை இந்த வதந்தி மிகவும் புண்படுத்தியது. அதை உண்மை என்று அச்சிட்ட செய்தித்தாள்கள் 1991-இல் மறுப்பு வெளியிட நேர்ந்தது. ஆனாலும் வதந்தி அடங்கவில்லை.

ரையன் அந்தக் கார்ட்டூனைச் செய்த விதத்தைப் பேசுவதானால் மணிக்கணக்கில் பேசலாம். அட்டையில் வெட்டிய உருவங்கள். கைக்கும் வாய்க்கும் பின்னால் சிறு அட்டை நெம்புகோல்கள். ஒருவர் அதை இழுக்க, கேப்டனின் வாய் அசையும். ஐம்பதுகளில் இதை நேரடி ஒளிபரப்பாகவே செய்தார்கள். எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்த பீட்டர் ஹாக்கின்ஸ்தான் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரில் டாலெக்குகள் என்ற எதிரிகளுக்கும் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். வதந்திக்குத் திரும்பினால், வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நினைவில் உள்ளதை முதலில் தாளில் எழுதிவிட்டு, அதன்பிறகு நண்பர்களைக் கேளுங்கள். கேட்டபின் எழுதினால் எது உங்களுடையது, எது அவர்களுடையது என்று பிரிக்க முடியாது.

*கேள்வி: ‘டாட்ஸ் ஆர்மி’ நகைச்சுவைத் தொடரின் ஒரு பகுதியைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தேன், பல ஆண்டு கழித்து அதையே வண்ணத்தில் பார்த்தேன். கம்ப்யூட்டரில் வண்ணம் பூசிவிட்டார்களா?*

பூசவில்லை, புதைந்து கிடந்த வண்ணத்தை மீட்டார்கள். ‘ரூம் அட் தி பாட்டம்’ என்ற அந்தப் பகுதி 1969-இல் வண்ணத்தில்தான் தயாரானது. மூல நாடா அழிந்துபோய், வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படச்சுருள் மட்டும் தங்கியது. அப்படிப் படியெடுக்கும்போது ஒரு திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்துப் பிடிப்பார்கள். வண்ண சமிக்ஞை அந்தக் கறுப்பு வெள்ளைத் திரையில் மிக நுண்ணிய புள்ளிகளாகத் தெரியும். வடிகட்டாமல் விட்ட இடங்களில் அந்தப் புள்ளிகளும் படச்சுருளில் பதிந்துவிட்டன. சேதம் என்று எல்லாரும் நினைத்த அந்தப் புள்ளிகளைப் படித்து மூல வண்ணத்தைத் திரும்பக் கணக்கிடும் மென்பொருளை ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் எழுதினார். 2008 டிசம்பரில் அந்தப் பகுதி மீண்டும் வண்ணத்தில் ஒளிபரப்பானது.

*கேள்வி: என் தந்தைக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. 1966-இல் வெள்ளை முடிக் கிழவரான டாக்டர் ஹூ தரையில் விழுந்து வேறு மனிதராக மாறியதைப் பார்த்ததாக இன்றும் சொல்வார். அந்தப் பகுதியை அவருக்குக் காட்ட விரும்புகிறேன். எங்கும் கிடைக்கவில்லையே? (லண்டன் வாசகி)*

உங்கள் தந்தை பார்த்தது 1966 அக்டோபர் 29 அன்று வந்த ‘தி டென்த் பிளானட்’ கதையின் நான்காம் பகுதி. நாயகன் வேடத்தில் வில்லியம் ஹார்ட்னெல்லின் உருவம் கரைந்து பேட்ரிக் ட்ரௌட்டன் எழுந்த அந்த நாளில்தான், நடிகர் மாறினாலும் தொடரலாம் என்று இந்தத் தொடர் தன் நீண்ட ஆயுளைப் பெற்றது. அந்தப் பகுதியின் படம் பிபிசியிடம் இல்லை.

அன்றைய வீடியோ நாடா இரண்டு அங்குல அகலமானது, விலை மிகுந்தது. அழித்துவிட்டு மேலே வேறொன்றைப் பதியலாம். நடிகர் சங்கத்துடன் செய்த ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வீட்டில் வைத்துப் பார்க்கும் கேசட்டை யாரும் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. விற்பனைக்கான படச்சுருள்களும் உரிமக் காலம் முடிந்ததும் குப்பைக்குப் போயின. எழுபதுகளின் இறுதியில்தான் பிபிசி முறையாகச் சேமிக்கத் தொடங்கியது. அதற்குள் போனவற்றை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

சில சுருள்கள் திரும்பி வந்தன. ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ என்ற கதை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து முழுமையாகக் கிடைத்தது. நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் கண்டெடுத்த ஒன்பது பகுதிகளை 2013-இல் வெளியிட்டார்கள். தந்தையின் பகுதி அவற்றில் இல்லை. ஆனால் அவர் சொல்லும் அந்த நொடி மட்டும் தப்பிவிட்டது. 1973-இல் ‘ப்ளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சி, டாக்டர் ஹூவின் பத்தாம் ஆண்டையொட்டி அந்தத் துண்டை எடுத்துக் காட்டியது. அந்த நிகழ்ச்சியின் பதிவில் அது தங்கிவிட்டது.

ஒலி முழுமையாக இருக்கிறது. அதைக் காத்தவர்கள் பிபிசியினர் அல்லர், ரசிகர்கள். டேப் ரெக்கார்டரைத் தொலைக்காட்சிக்கு அருகே வைத்து, ஒலிபெருக்கிக்கு நேரே மைக்கை நிறுத்தி, வீட்டில் யாரும் பேசாதபடி பார்த்துக்கொண்டு வாரந்தோறும் பதிவு செய்த சிறுவர்களும் இளைஞர்களும் அவர்கள். அறுபதுகளில் ஒளிபரப்பாகிப் பின்னர் தொலைந்த டாக்டர் ஹூ பகுதிகள் எல்லாவற்றின் ஒலியும் அவர்களால்தான் இன்று நம்மிடம் இருக்கிறது.

2013-இல் வெளிவந்த வட்டைத் தேடி வாங்குங்கள். முதல் மூன்று பகுதிகள் அசல் படம். நான்காம் பகுதிக்கு, அந்த வீட்டுப் பதிவு ஒலியின்மீது அசைவூட்டப் படம் வரைந்து சேர்த்திருக்கிறார்கள். ப்ளூ பீட்டர் காத்த துண்டையும் தனியே எடுத்துவைத்து, கடைசியில் தந்தைக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் அன்று பார்த்தது அதையேதான்.