மகளின் வசந்த விடுமுறை

கே: அமெரிக்காவில் படிக்கும் என் மகள் கல்லூரித் தோழிகளோடு, வீடற்றவர்களுக்கும் திருநங்கையருக்கும் தொண்டு செய்ய சான் பிரான்சிஸ்கோ போகிறாளாம். அங்கே என்ன வேலை இருக்கும்?
- வாசகி, திருச்சி

ப: பந்தி பரிமாறுவதுதான் அம்மா, பெரும்பாலும். டெண்டர்லாயின் பகுதி எல்லிஸ் தெருவில் கிளைடு தேவாலயம் இலவசச் சாப்பாடு போடுகிறது. நானும் அங்கே கையுறை மாட்டிக்கொண்டு தட்டு நிரப்பியிருக்கிறேன். ஒரு பெரியவர், “பீன்ஸ் வேண்டாம், ரொட்டி கூட வை” என்று அதட்டினார். சரி, வைத்தேன்!

பக்கத்திலேயே டர்க், டெய்லர் தெருக்கள் சந்திக்கும் முனை. 1966 ஆகஸ்டில் அங்கிருந்த காம்ப்டன்ஸ் உணவகத்தில் போலீஸ்காரர் பிடித்திழுக்க, ஒரு திருநங்கை சூடான காபியை அவர் முகத்தில் வீசினாராம். அப்புறம் நாற்காலிகளும் பறந்தன. நியூயார்க்கில் தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநங்கையரும் போலீசை எதிர்த்து எழுந்த ஸ்டோன்வால் கலவரத்துக்கு 3 வருடம் முந்தைய கதை. மகளை அந்த முனையையும் பார்த்துவரச் சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்களைப் படம் மட்டும் எடுக்க வேண்டாம்.