40 வயசுக்கு மேல ஃபூக்கோ, தெரிதா மாதிரி ஃபிரெஞ்சு தத்துவவாதிகளைப் படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கிறது?

காலேஜ்ல ஃபிலாசஃபி படிக்கலன்னு தயங்குறீங்க, அது ஒரு பெரிய விஷயமே இல்லங்க. ஆனா தயவுசெஞ்சு தெரிதால ஆரம்பிக்காதீங்க, அவர் முழுக்க மத்தவங்க எழுதுனதை வச்சுத்தான் பேசுவாரு, ஹூசேர்ல்ங்கிற ஜெர்மன் தத்துவவாதி, சொசூர்ங்கிற மொழியியலாளர் எல்லாம் கொஞ்சமாவது தெரியாம போனா பத்து பக்கத்துல புக்கை மூடிருவீங்க.

முதல்ல ரோலான் பார்த்ங்கிற ஃபிரெஞ்சு விமர்சகர் 1957ல போட்ட 'மித்தாலஜீஸ்' எடுங்க. மல்யுத்தம், சோப்புத்தூள், ஒயின்னு குட்டிக் குட்டிக் கட்டுரை, டீ குடிக்கிற நேரத்துல ஒண்ணு முடிஞ்சிரும் (கடைசியில வர்ற நீளமான தியரியை இப்போதைக்கு விட்டுருங்க).

அப்புறம் ஃபூக்கோவோட 1975 புக், சிறைச்சாலை பத்தினது, இங்கிலீஷ்ல 'டிசிப்ளின் அண்ட் பனிஷ்'னு பேரு. 1757ல ஃபிரெஞ்சு ராஜாவைக் கத்தியால குத்துன தாமியேங்கிறவரைப் பாரிஸ்ல நடுத்தெருவுல குதிரை கட்டி இழுத்துக் கொல்றாங்க, அதை அப்படியே சொல்லிட்டு உடனே சில பத்து வருஷம் கழிச்சு வந்த ஒரு ஜெயில் டைம்டேபிளைப் போடுறாரு, குளிர்காலத்துல 6 மணிக்கு எழுந்திரிக்கணும், முரசு அடிச்சதும் சத்தமில்லாம டிரெஸ் பண்ணணும்னு. தண்டனை உடம்பை விட்டுட்டு நேரத்தையும் பழக்கத்தையும் பிடிச்சது எப்படிங்கிறதுதான் மொத்த புக்கும். ஃபிரெஞ்சு கத்துக்கிட்டுத்தான் படிக்கணும்னு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க, இங்கிலீஷ்ல இதெல்லாம் கிடைக்குது.