டெக்ஸஸில் வேலை பார்க்கிறேன், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அலுவலக நண்பர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். வேட்டைக்குப் போகும் முன் முடிக்க வேண்டிய 'ஹண்டர் எஜுகேஷன்' என்ற பயிற்சி வகுப்பை எங்கே, எப்படி முடிப்பது? ஆன்லைன் மட்டும் போதுமா?

சட்டப்படி ஆன்லைன் போதும். ஆனால் துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு அது போதாது என்பது என் உறுதியான கருத்து. நேரில் நடக்கும் வகுப்புக்குப் போங்கள். நானும் டெக்ஸஸில்தான் இருக்கிறேன், பிள்ளை குட்டி ஆன பிறகுதான் இந்த வகுப்பை முடித்தேன்.

முதலில் விதிகள். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்த எவரும் டெக்ஸஸில் வேட்டையாட வேண்டுமென்றால் ஹண்டர் எஜுகேஷன் முடித்திருக்க வேண்டும். டெக்ஸஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறைதான் இதை நடத்துகிறது. 17 வயது நிறைந்தவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. துறை ஏற்றுக்கொண்ட ஆன்லைன் வகுப்பை முழுவதும் வீட்டிலிருந்தே முடிக்கலாம். 15 டாலர் கட்டி ஒரு நாள் நேரடி வகுப்பில் உட்காரலாம். அல்லது லைசன்ஸ் வாங்கும்போது 10 டாலர் கூடுதலாகக் கட்டி, வகுப்பைத் தள்ளிப்போடும் 'டிஃபெரல்' வாங்கிக்கொள்ளலாம்.

நண்பர்கள் மூன்றாவதைத்தான் சொல்வார்கள். "பத்து டாலர் கட்டிட்டு வாடா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அது வாழ்நாளில் ஒரே ஒரு முறை கிடைக்கும் சலுகை, அந்த லைசன்ஸ் ஆண்டு முடியும்வரைதான் செல்லும். வகுப்பு முடித்த அல்லது வயதால் விலக்குப் பெற்ற, லைசன்ஸ் உள்ள ஒருவர் பேச்சுக்குரல் எட்டும் தூரத்தில் கூடவே இருக்கவும் வேண்டும். ஒன்றுமே தெரியாத ஆளை மற்றவர் பொறுப்பில் காட்டுக்குள் அனுப்பும் ஏற்பாடு இது. வேறு வழியே இல்லையென்றால் ஒழிய, வேண்டாம்.

அடுத்து விசா. உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் பதிலே தப்பாகிவிடும். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். அதற்கு இருக்கும் சில விலக்குகளில் நமக்குப் பொருந்துவது ஒன்று: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசன்ஸ் கையில் இருக்க வேண்டும். அதனால் விசாவில் இருப்பவருக்கு வரிசை முக்கியம். முதலில் வகுப்பு, பிறகு லைசன்ஸ், அதற்குப் பிறகுதான் நிஜத் துப்பாக்கியைத் தொடுவது. டெக்ஸஸ் லைசன்ஸ் ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 31 அன்று முடியும். வீட்டில் துப்பாக்கி இருந்து, புதிய லைசன்ஸ் வாங்க மறந்துவிட்டால், செப்டம்பர் 1 காலையில் அந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. டெக்ஸஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட 2019 முதல் லைசன்ஸே தேவையில்லை. "பன்றிக்கு லைசன்ஸ் வேண்டாம்பா, சும்மா வா" என்று யாராவது கூப்பிட்டால், குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் அது சரி. விசாவில் இருப்பவருக்கு லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வாங்குவதே பிரச்சினை. உங்கள் நிலைமையில் எள்ளளவு சந்தேகம் இருந்தாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நண்பர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவர்கள் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள்.

வகுப்பைக் கண்டுபிடிப்பது எளிது. துறையின் இணையதளத்தில் ஹண்டர் எஜுகேஷன் பக்கத்தில் பக்கத்து ஊர்களில் நடக்கும் வகுப்புகளின் பட்டியல் வரும். துப்பாக்கி ரேஞ்ச், வேட்டைப் பொருள் கடை, நூலகம், சில சமயம் ஒரு தேவாலயக் கூடம் என்று எங்கே வேண்டுமானாலும் நடக்கும். புறாப் பருவம் மாநிலத்தின் பெரும்பகுதியில் செப்டம்பரில் தொடங்குகிறது, மானுக்கு நவம்பர். ஆகவே ஆகஸ்ட் பிறந்ததும் இடங்கள் வேகமாக நிரம்பும். வசந்த காலத்திலேயே பதிந்துவிட்டால் நெருக்கடி இல்லை. துப்பாக்கி கொண்டுபோகத் தேவையில்லை, கொண்டுவராதீர்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். பக்கத்து இருக்கையில் பத்து வயதுப் பையன் இருப்பான், 9 வயதிலிருந்தே சான்றிதழ் வாங்கலாம். கூச்சப்பட வேண்டாம். அவன் தாத்தாவோடு பல வருடம் காட்டுக்குப் போய்வந்திருப்பான், அவன் கேட்கும் கேள்விகளிலிருந்தே நமக்கு நிறையக் கிடைக்கும்.

பாடம் நடத்துபவர்களில் பெரும்பாலானோர் தன்னார்வலர்கள். துப்பாக்கி, தோட்டா விற்பனை மீது 1937இல் வந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி ஒரு மத்திய வரி உண்டு. ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம். அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்கும் இந்த வகுப்புகளுக்கும் மாநிலங்களிடம் வந்து சேர்கிறது, மாநிலம் தன் பங்கையும் காட்ட வேண்டும். தன்னார்வலர்கள் செலவிடும் மணிநேரங்களையும் அந்தப் பங்கில் கணக்கு வைக்கலாம். சனிக்கிழமையை விட்டுக்கொடுத்து நமக்குச் சொல்லித்தரும் பெரியவர் இந்த மாநிலத்தின் மான்களுக்கும் காடை கௌதாரிகளுக்கும் சேர்த்தே உழைக்கிறார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

சரி, ஏன் நேரடி வகுப்பு? துப்பாக்கிப் பாதுகாப்பின் அடிப்படை விதிகளை ஆன்லைனில் ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினை. குழல் முனையை எப்போதும் ஆபத்தில்லாத திசையில் வை. சுடும் கணம் வரை விரலை விசைக்கு வெளியே வை. குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொண்டு சுடு. படித்தால் நான்கே வரி. ஆனால் வகுப்பில் ஒரு பயிற்சித் துப்பாக்கியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். முதன்முறை வாங்கும் பெரியவர்களில் பலருக்கு ஆள்காட்டி விரல் தானாகவே விசைக்குப் போய்விடும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசத் திரும்பினால் குழலும் கூடவே திரும்பும். அதை ஒருவர் பார்த்து, அங்கேயே நிறுத்தி, திருத்த வேண்டும். திரையில் சரியான விடையைத் தொடுவதால் கை பழகாது. சைக்கிள் கற்றுக்கொள்வது மாதிரிதான்.

முள்வேலி தாண்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்ஸஸில் எங்கே போனாலும் முள்வேலி. தனியாக இருந்தால் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைத் திறந்த நிலையிலேயே வேலிக்கு அடியில் தரையில் படுக்க வைக்க வேண்டும், குழல் முனை நமக்கு எதிர்த் திசையில். பிறகு முனை இருக்கும் பக்கத்தை விட்டுத் தள்ளிப்போய்த் தாண்டி வந்து எடுக்க வேண்டும். இதை நிஜ வேலியில் செய்து பார்த்தவருக்கு மட்டுமே இருட்டில், குளிரில், அவசரத்தில் நினைவு வரும்.

சுடும் எல்லை இன்னும் முக்கியம். மூன்று பேர் வரிசையாக நடந்தால் ஆளுக்கு முன்னால் சுமார் 45 டிகிரி அகலம்தான் சொந்தம். பறவை அந்த எல்லையைத் தாண்டிப் பறந்தால் விட்டுவிட வேண்டும். டெக்ஸஸ் வேட்டை விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் காரணம் இதுதான்: பறவையைத் தொடர்ந்து துப்பாக்கி சுழல்கிறது, கண் பறவை மேலேயே இருக்கிறது, கூட வந்தவர் அந்தக் கோட்டில் நிற்கிறார். வகுப்பில் பயிற்சியாளர் பக்கவாட்டில் நின்றுகொண்டு, "இப்போது சுடலாமா, கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கூடாது என்று சொல்லப் பழகுவதே பாதிப் பாடம். மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி நிற்கும் மானைச் சுடக் கூடாது, ஏனென்றால் தோட்டா அதைத் தாண்டி எங்கே போகும் என்று தெரியாது. சின்ன .22 தோட்டாவே ஒரு மைலுக்கு மேல் போகும்.

20 கேஜ் (கேஜ் என்பது குழலின் அளவைக் குறிக்கும் எண்) ஷாட்கன் தோட்டாக்கள் ஏன் மஞ்சள் நிறத்தில் வருகின்றன என்பதையும் அங்கேதான் கையில் வைத்துக் காட்டினார்கள். 12 கேஜைவிட அது சிறியது. தெரியாமல் 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் உள்ளே வழுக்கிக் குழலில் மாட்டிக்கொள்ளும். சுடவில்லையே என்று பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். அதனால்தான் நிறத்திலேயே எச்சரிக்கை.

எனக்கு மிகவும் பயன்பட்டது எங்கே சுடுவது என்ற பகுதி. வீட்டில் "உயிரைக் கொல்லப் போறியா?" என்ற கேள்வி எனக்கும் வந்தது, நியாயமான கேள்வி. கொல்வதென்றால் விலங்கு வதைபடாமல் உடனே சாக வேண்டும், அதற்கான பொறுப்பு முழுக்கச் சுடுபவருடையது. பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு முன்னங்கால் தோளுக்குச் சற்றே பின்னால், நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பாதியில் நுரையீரலும் இதயமும் இருக்கின்றன. உடல் சற்றே நம்மைவிட்டு விலகித் திரும்பி நின்றாலும் சுடலாம். நேருக்கு நேர் நின்றாலோ பின்புறம் காட்டி நின்றாலோ புதியவர் காத்திருக்க வேண்டும். சுட்ட பிறகு ஓடிப்போய்ப் பார்க்கக் கூடாது. மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் மனதில் குறித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். இளஞ்சிவப்பில் நுரைத்த இரத்தம் என்றால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம். பச்சையாக, தீனியின் வாடையோடு இருந்தால் குடல். அப்போது பல மணி நேரம் விட்டுத்தான் தேட வேண்டும், உடனே துரத்தினால் அது அடிபட்ட உடம்போடு வெகுதூரம் ஓடி, கிடைக்காமலே செத்துப்போகும். கிடைத்த இறைச்சியை வீணாக்குவதும் டெக்ஸஸ் சட்டப்படி குற்றம்.

சான்றிதழ் வந்ததும் லைசன்ஸ். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்ஸஸில் வசித்திருந்தால் உள்ளூர்வாசிக் கட்டணமான 25 டாலர். அதற்குள் வந்தவர் வெளியூர்வாசிக் கட்டணம் கட்ட வேண்டும், பொது லைசன்ஸே 315 டாலர், எனவே சில மாதம் பொறுப்பது நல்லது. மான் விழுந்த உடனே டேக் (லைசன்ஸோடு வரும் அடையாளச் சீட்டு) போட வேண்டும், வீட்டுக்கு வந்து செய்யலாம் என்று விடக்கூடாது. டெக்ஸஸில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது, பண்ணைக்காரர் அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் 48 டாலர் வருடாந்தர அனுமதி வாங்கிப் பொது வேட்டை நிலங்களுக்குப் போகலாம். அங்கே துப்பாக்கி வேட்டை நடக்கும்போது 400 சதுர அங்குலம் ஆரஞ்சு உடை கட்டாயம், மார்பிலும் முதுகிலும் தலா 144 தெரிய வேண்டும், தலையிலும் ஆரஞ்சு வேண்டும். தனியார் நிலத்தில் சட்டம் கேட்காவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

அனுபவசாலி நண்பர் இல்லாதவர்களுக்கு டெக்ஸஸ் வைல்ட்லைஃப் அசோசியேஷன் நடத்தும் பெரியவர்களுக்கான வேட்டைப் பயிற்சித் திட்டம் இருக்கிறது, ஒருவர் கூடவே இருந்து கற்றுத்தருவார். பெண்களுக்கு 'பிகமிங் ஆன் அவுட்டோர்ஸ்-உமன்' பயிலரங்குகள் உண்டு, 1991இல் விஸ்கான்சினில் தொடங்கி டெக்ஸஸ் வரை வந்த திட்டம். மனைவி, தங்கை யாருக்காவது ஆர்வம் இருந்தால் சொல்லுங்கள்.

இந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, மற்ற மாநிலங்களும் ஏற்கும். வேலை மாறி கொலராடோ போனாலும் திரும்பப் படிக்க வேண்டாம், அந்தந்த மாநிலத்தின் லைசன்ஸ் மட்டும் வாங்க வேண்டும். இந்தியாவில் இதற்கு எந்த மதிப்பும் இல்லை, அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டை தடை. ஊருக்குப் போகும்போது துப்பாக்கிப் பையில் கிடந்த ஒரு தோட்டாகூடப் பயணப் பெட்டியில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் அது பெரிய வழக்காகிவிடும். வேட்டைக்கென்று தனிப் பை வைத்துக்கொண்டு, அதை வேறு எதற்கும் எடுக்காமல் இருப்பதே நல்லது.